பத்துக்கு மூன்று

இத்தாலியின் கால்பந்து சாம்பியன் யார் என்று முடிவு செய்த ஆட்டத்தில் என் தம்பி தெரேசியோ கோல் காத்தபோது அவனுக்குப் பதினான்கு வயது முடியவில்லை. எதிரே நின்றது மிலானின் இன்டர் அணி. மீசை முறுக்கிய, கல்யாணமான ஆண்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிறு.

அந்த வருஷம் எங்கள் ஊர் வெர்செல்லி அணியும் இன்டரும் சமமான புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றன. பட்டம் யாருக்கு என்று தீர்க்க எங்கள் ஊரிலேயே இன்னொரு ஆட்டம் வைத்தார்கள். போட்டியை நடத்திய சங்கத்தார் குறித்த நாளில் எங்கள் ஆட்கள் சிலர் ராணுவப் போட்டி ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. எங்கள் அணியார் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். நடக்கவில்லை. "அப்படியா சேதி?" என்று எங்கள் ஆட்கள் கோபத்தில் நான்காம் அணியை இறக்கிவிட்டார்கள். நான்காம் அணி என்றால் பள்ளிக்கூடத்துப் பையன்கள்.

சனிக்கிழமை மாலை நாங்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒலிவேரோ வாத்தியார் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றார்.

"பாட்டிஸ்தா, நாளைக்கு உன் பையனை அனுப்பிவை. இன்டரோட ஆட்டம்."

"அவங்ககிட்டயும் பொடிப்பசங்க அணி இருக்கா வாத்தியாரே?" என்றார் அப்பா.

"பொடிப்பசங்க இல்லப்பா. பெரிய இன்டர்தான்."

அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற மனுஷர். சிரிப்பும் மூட்டை சரிகிற மாதிரிதான் இருக்கும். "மிலான்காரன் முகத்துல கரி பூசறதுக்கு என் பையன்தான் கெடச்சானா? சரி, கூட்டிட்டுப் போங்க. ஊரே பார்த்துச் சிரிக்கட்டும்."

"ஜெயிக்கறதுக்கு இல்லப்பா இது. நம்ம கோபத்தைக் காட்டறதுக்கு" என்றார் வாத்தியார்.

அந்த வார்த்தையைத் தெரேசியோ கேட்கவில்லை. அவன் அதற்குள் எழுந்துபோய், அடுப்படியில் உட்கார்ந்து, பன்றிக் கொழுப்பைத் தொட்டுத் தன் பூட்சுக்குத் தேய்க்க ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் மைதானம் நிரம்பி வழிந்தது. சந்தைக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். எங்கள் வெள்ளைச் சட்டைகள் பையன்களுக்கு முழங்கால் வரை தொங்கின. தெரேசியோ கையைத் தூக்கினால் விரல் நுனிக்கும் மேல்கம்பத்துக்கும் நடுவில் இன்னொரு பையனை நிறுத்தலாம். முதல் கோல் விழுந்ததும் எங்கள் ஊர்க்காரர்களே கைதட்டினார்கள். இரண்டாவதற்கு இன்னும் பலமாக. ஒருவர், "பார்த்துடா மிலான்காரா, குழந்தைக்குப் பால் பல்லு விழுந்துடப்போகுது!" என்று கத்தினார். சிரிப்பு அலை அலையாகப் போயிற்று. நானும் சிரித்தேன். எனக்குப் பதினேழு வயது. பக்கத்தில் என் தோழிகள் இருந்தார்கள்.

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் தெரேசியோ தானே போய்ப் பந்தை எடுத்தான். எறியவில்லை, உதைக்கவில்லை. கையில் ஏந்தி நடுக்கோடு வரை நடந்து, வைத்துவிட்டுத் திரும்பி ஓடினான். எங்கள் பையன்கள் மூன்று கோல் போட்டார்கள். மூன்றாவது விழுந்தபோது தெரேசியோ மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிப்போய் அடித்தவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அப்போது எதிரணி ஆள் ஒருவர் அவன் தலையை வருடிவிட்டார். ஊரே உருகிப்போய் "ஆ..." என்றது. அவன் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பத்துக்கு மூன்று. இன்டருக்கு முதல் பட்டம். எங்கள் ஊருக்கு ஒரு வருஷத்துச் சிரிப்பு. தெரேசியோவை உடை மாற்றும் கொட்டகைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"டேய், இதுக்கா அழறே? இது விளையாட்டுக்குத்தானேடா" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

அன்றிலிருந்து அவன் பெயர் 'பத்து'. பதினாறு வயதில் அப்பாவோடு ஆலைக்குப் போனான். "பத்து, பத்து மூட்டை எடுத்துட்டு வாடா!" என்பார்கள். ரொட்டிக் கடையில், "பத்துக்குப் பத்து ரொட்டி குடும்மா" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை. ஊர்ப் பழக்கம். எங்கள் ஊர் அணி அடுத்த மூன்று வருஷமும் சாம்பியன். ஜெயித்த ஊருக்குத் தோற்றவன் ஒருத்தன் வேடிக்கைக்கு வேண்டியிருந்தது.

பதினேழு வயதில் இளைஞர் அணிக்கு ஆள் எடுத்தபோது அவன் போய் நின்றான். நன்றாக உயர்ந்திருந்தான். கைகள் அப்பாவுடைய கைகள். வேலிக்கு வெளியே நின்ற ஆலை ஆட்கள், பந்து அவன் பக்கம் வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒரு கோலும் விழவில்லை. ஆனாலும் எண்ணினார்கள். ஏழு வரைக்கும் நின்றான். பிறகு பந்தைத் தரையில் வைத்துவிட்டு வேலியைத் தாண்டி வீட்டுக்கு வந்தான். பூட்சைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பந்தைப் பற்றிப் பேசியதில்லை.

உலக யுத்தம் வந்தது. அவனைக் கார்சோ மலைப்பக்கம் அனுப்பினார்கள். மண்ணே இல்லாத, வெறும் பாறை நிலம். அங்கே அவன் பிரிவில் எர்மீனியோ ப்ரூசா என்று ஒரு மிலான் பையன். டிராம் பட்டறையில் வேலை பார்த்தவன், வாய் ஓயாதவன். நான் இப்போது சொல்வதெல்லாம் தெரேசியோ பின்னால் எனக்குச் சொன்னது.

முதல் வாரமே எர்மீனியோ கேட்டிருக்கிறான், "எந்த ஊருடா?"

"வெர்செல்லி."

"அடேயப்பா! அப்போ பந்து ஆடுவியே?"

"எனக்குப் பந்து தெரியாது. நான் ஆலைல மூட்டை தூக்கறவன்."

"வெர்செல்லிக்காரனுக்குப் பந்து தெரியாதாம். மீனுக்கு நீச்சல் தெரியாதாம்!" என்று பிரிவு முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டு, கதையை எடுத்தான். "எங்க முதல் பட்டத்தை நேர்ல பார்த்தவன் நான். எங்கப்பா ரயிலுக்குக் காசு சேர்த்து என்னைக் கூட்டிட்டுப் போனார். உங்க ஊர்க்காரனுங்க பால்குடிப் பசங்களை இறக்கிவிட்டானுங்க. பத்து போட்டோம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது." இப்படியெல்லாம். தெரேசியோ கஞ்சிப் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆனால் ஒருவன் மேல் வெறுப்பை வைத்துக்கொண்டு அவனோடு ஒரே குழியில் படுத்துக் கிடக்க முடியாது. எர்மீனியோ தனக்கு வந்த பாலாடைக்கட்டியில் பாதியைக் கொடுப்பான். தெரேசியோவுக்குக் காய்ச்சல் கண்டபோது அவனுடைய காவல் முறையையும் சேர்த்துத் தானே நின்றான். நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

சில மாதம் கழித்துத் தபால் கொண்டுவந்த சிப்பாய் ஒருவன், எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தான், தூரத்திலிருந்தே, "டேய் பத்து! உயிரோடதான் இருக்கியா? இன்னும் கோல் விட்டுக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கூவினான். எர்மீனியோ பக்கத்தில் உட்கார்ந்து துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. காதில் விழவில்லை போல என்று தெரேசியோ நிம்மதியானான்.

பதினேழாம் வருஷம் மே மாதம் எர்மீனியோ குண்டுபட்டுச் செத்தான். தோண்டுவதற்கு மண் இல்லாததால் தெரேசியோவும் இன்னும் இருவரும் கல்லை அடுக்கி அவனை மூடினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் படை பின்வாங்கியபோது தெரேசியோ எதிரிகளிடம் பிடிபட்டான். ஒன்றரை வருஷம் கழித்து, நெஞ்சு கெட்டு, இருமிக்கொண்டு திரும்பி வந்தான். அப்பா அதற்குள் போய்விட்டார். நான் வயலில் களை பறித்தேன். அவன் கால்வாய் மதகில் காவல் வேலை பார்த்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல், 'தெரேசியோ, கோல்கீப்பர், வெர்செல்லி' என்று மட்டும் எழுதியிருந்தது. தபால்காரர் விலாசம் தேட வேண்டியிருக்கவில்லை. "உங்க வீட்டுக்குத்தான் வேற யாருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

எழுதியிருந்தவர் எர்மீனியோவின் அப்பா, அத்திலியோ ப்ரூசா. ஐந்தாறு வரிதான். 'போன மாதம் நாங்கள் மறுபடி சாம்பியன் ஆனோம். எல்லாரும் இது இரண்டாவது பட்டம் என்கிறார்கள். என் மகன் எழுதியபடி பார்த்தால் இதுதான் முதலாவது. எனக்கு எப்படி எண்ணுவதென்று தெரியவில்லை. தயவுசெய்து ஒருமுறை வாருங்கள். ரயில் கட்டணம் நான் தருகிறேன்.'

தெரேசியோ அதை மூன்று முறை படித்தான். "அக்கா, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். "ஒரு வார்த்தை கேக்கலையே பாவி. ஒரு வருஷம் பக்கத்துலயே கிடந்தானே, ஒரு வார்த்தை கேக்கலையே."

தனியாகப் போனால் வழியில் இருமலில் விழுந்துவிடுவான் என்று நானும் போனேன். மிலானில் கால்வாய் ஓரமாக, நாலு மாடிக்கும் இரும்புக் கம்பித் தாழ்வாரம் ஓடுகிற ஒரு பெரிய குடியிருப்பு. மூன்றாவது மாடியில் டிராம் சீருடைச் சட்டையோடு கிழவர் காத்திருந்தார். மனைவி இல்லை. எர்மீனியோ ஒரே பிள்ளை.

எங்களுக்காக அரிசி சமைத்து வைத்திருந்தார். குங்குமப்பூ போட்டு மஞ்சளாக.

"எங்க அரிசியை என்ன பாடு படுத்தியிருக்கீங்க பாருங்க" என்றேன், பேச்சைத் தொடங்குவதற்காக.

"உங்க ஊர்ல மாதிரி மொச்சையும் கொத்துக்கறியும் போட்டுச் சேறாக்கச் சொல்றியாம்மா?" என்றார் உடனே. எர்மீனியோவின் வாய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு, இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று மடித்து மடித்துக் கிழிந்துபோன கடிதம். இன்னொன்று ஒட்டியபடியே இருந்த உறை.

"படிம்மா. சத்தமா" என்றார் என்னிடம்.

நான் படித்தேன். 'அப்பா, அன்றைக்கு வெர்செல்லியில் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து நடந்து போனானே ஒரு பையன், அவன் என்னோடுதான் இருக்கிறான். நான் வந்த முதல் வாரமே அவன் எதிரில் அந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தெரிந்த பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அப்பா, அது பட்டமே இல்லை. குழந்தைகளை அடித்து வாங்கியதைப் பட்டம் என்று சொல்லாதீர்கள். நாம் இன்னும் ஒன்றும் ஜெயிக்கவில்லை.'

கிழவர் இன்னொரு உறையைத் தொட்டார். "இது நான் எழுதின பதில். 'மடையா, பட்டம் பட்டம்தான், வீட்டுக்கு வா பேசிக்கலாம்'னு எழுதினேன். அது அவனுக்குப் போய்ச் சேரல. முத்திரை குத்தித் திரும்பி வந்துடுச்சு. மூணு வருஷமா எங்க சண்டை அப்படியே நிக்குது தம்பி. அவன் சொல்லிட்டுப் போயிட்டான். நான் ஒத்துக்கவும் இல்ல, மறுத்ததும் அவனுக்குத் தெரியாது. போன மாசம் தெருவெல்லாம் கொடி பிடிச்சுட்டு ஆடறானுங்க. 'ரெண்டு! ரெண்டு!'ன்னு கத்தறானுங்க. என்னால கதவைத் திறக்க முடியல." தெரேசியோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் சொல்லணும். அன்னிக்கு அங்க நின்னவன் நீ. அந்தப் பட்டம் எங்களோடதா, இல்லையா?"

தெரேசியோ வெகுநேரம் இருமினான். பிறகு சொன்னான், "உங்களோடதுதான்."

கிழவரின் முகம் சுருங்கிவிட்டது. கையை விட்டார். "நீ இல்லேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார். "அவன் சொன்னதுதான் சரின்னு சொல்லியிருந்தா நான் விட்டுக்கொடுத்திருப்பேன். சந்தோஷமா விட்டுக்கொடுத்திருப்பேன். ஒரு தடவையாவது அவன்கிட்டத் தோத்துட்டுப் போறேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

"அவனுக்காகப் பொய் சொல்ல முடியாது ஐயா." தெரேசியோ மெதுவாகப் பேசினான். மூச்சு விட்டு விட்டுப் பேசினான். "எங்க ஊர்க்காரங்களுக்கு அது வேடிக்கை. உங்க ஊர்க்காரங்களுக்கும் வேடிக்கை. எர்மீனியோவுக்கு அது பாவம். எங்க பதினோரு பேருக்குத்தான் அது இறுதி ஆட்டம். எங்ககிட்ட யாரும் கேக்கல. நாங்க ஜெயிக்கறதுக்குத்தான் ஆடினோம். மூணாவது கோல் போட்டப்போ இன்னும் அஞ்சு போட்டா ஜெயிச்சுடலாம்னு நான் கணக்குப் பண்ணினேன். நெஜமா. அது பொய் ஆட்டம்னா நான் அன்னிக்கு அழுததும் பொய்யா? பத்து வருஷமா இந்தப் பேரைச் சுமந்ததும் பொய்யா? நாங்க நெஜமாத் தோத்தோம் ஐயா. அதனால நீங்க நெஜமா ஜெயிச்சீங்க. போன மாசம் ஜெயிச்சது ரெண்டாவதுதான். எண்ணிக்கையை மாத்தாதீங்க. மாத்தினா நான் அங்க நிக்கவே இல்லன்னு ஆயிடும்."

நான் கையிலிருந்த கடிதத்தை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ என் பையன் தப்பா?" என்றார் கிழவர்.

"எண்ணிக்கைல தப்பு. என் விஷயத்துல தப்பில்ல. இத்தனை வருஷத்துல அந்த ஆட்டத்துக்காக என்கிட்ட வருத்தப்பட்டவன் அவன் ஒருத்தன்தான். அதையும் என்கிட்டச் சொல்லாமலே போயிட்டான்."

கிழவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், பட்டத்தைப் பற்றி அல்ல, வேறொன்று கேட்டார். மூன்று வருஷமாகக் கேட்க ஆள் இல்லாமல் இருந்த கேள்வி அதுதான் போலிருக்கிறது.

"அவனை எங்க வெச்சீங்க தம்பி?"

தெரேசியோ ஒன்றையும் மறைக்கவில்லை. கல்லை அடுக்கியதை, தலைமாட்டில் எந்தப் பக்கம் சரிவு இருந்தது என்பதை, முகத்தைக் கழுவ ஆளுக்குக் கொஞ்சம் குடிதண்ணீரை ஒதுக்கியதை எல்லாம் சொன்னான். கிழவர் ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். தெரேசியோ உறையின் பின்பக்கத்தில் வழி வரைந்தான்.

திரும்பி வரும் ரயில் நொவாரா ஊரைத் தாண்டியது. வயல்களில் தண்ணீர் நின்றது. பயிர் இடுப்பளவு வந்திருந்தது.

"அன்னிக்கு நானும் சிரிச்சேன்டா" என்றேன்.

"தெரியும். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

"கோபமில்லையா?"

"ரொம்ப நாள் இருந்துச்சு" என்றான். இப்போது இல்லை என்று அவன் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் செப்டம்பரில் மூவருமாகக் கார்சோவுக்குப் போனோம். கல் குவியலைக் காணோம். ராணுவத்தார் அந்தச் சரிவிலிருந்த எல்லாரையும் எடுத்து ஒரே இடத்தில் புதைத்திருந்தார்கள். கல்லறைக் காவலில் இருந்த சிப்பாய் பட்டியலில் விரலை ஓட்டி, ப்ரூசா என்ற பெயரைக் கண்டுபிடித்தான். ஒன்பதாம் வரிசை. கிழவர் தொப்பியை எடுத்துவிட்டு, கையில் வழி வரைந்த உறையோடு முழங்காலிட்டார். என்ன சொன்னார் என்று கேட்காத தூரத்துக்கு நாங்கள் நகர்ந்து நின்றோம். எழுந்து வந்தபோது அந்த ஒட்டிய உறை அவர் கையில் இல்லை.

அந்தக் கோடையில் எங்கள் ஊர்தான் சாம்பியன் ஆகியிருந்தது. ரயில் ஏறி உட்கார்ந்ததும் கிழவர் அதையே பிடித்துக்கொண்டார். "உங்க முன்வரிசை ஆளுங்க ஓடறானுங்களா, வயல்ல களை பறிக்கறானுங்களான்னு தெரியல." தெரேசியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "முதல்ல உங்க கோல்கீப்பர் பந்தைக் கையால பிடிக்கக் கத்துக்கட்டும் ஐயா. அப்பறம் பேசலாம்." அந்தப் பழைய ஆட்டத்தைத் தவிர அவன் பந்தைப் பற்றிப் பேசி நான் கேட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் வெரோனா வரைக்கும் விடவில்லை. எதிரே இருந்த கன்னியாஸ்திரீ எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வருஷமும் எங்கள் ஊர் ஜெயித்தது. பிறகு ஒருபோதும் இல்லை. தெரேசியோவின் மூச்சு இருபத்துநான்காம் வருஷம் பிப்ரவரியோடு நின்றது. ஒலிவேரோ வாத்தியார் வந்தார். ஆலை ஆட்கள் வந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று எண்ணினவர்களும் வந்தார்கள். அத்திலியோ ப்ரூசா காலை ரயிலில் வந்து இறங்கி, யாரையும் கேட்காமல் பெட்டியின் முன்பக்க இடது முனையைத் தோளில் வாங்கிக்கொண்டார். எழுபது வயதை நெருங்கிய மனுஷர். பனி வேறு.

ஆலை ஆள் ஒருவர், "நீங்க என்ன உறவு?" என்று கேட்டார்.

"எதிரணி" என்றார் கிழவர்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மொச்சையும் கொத்துக்கறியும் போட்டு அரிசி சமைத்தேன். சேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார். மாலை வண்டிக்கு அவரை நான்தான் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.